அச்சுப் பிழை

அந்த மாதம் முதல் தேதி நான் ஒரு முடிவு எடுத்தேன். ஜீப் இனி என்னுடையது.

முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அது முடிவாக இருக்காது, விண்ணப்பம் ஆகிவிடும். பதினெட்டு வருடமாக என் விண்ணப்பங்கள் அவளிடம் பரிசீலனையில்தான் இருக்கின்றன.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர்கள் செய்த தப்பைச் சிவப்பு மையால் சுழிப்பேன். மாலையில் வீட்டுக்குப் போனதும் என் தப்புகளை மனைவி சுழிப்பாள். அவளுக்கு மை தேவைப்படாது. ஒரு பார்வை போதும்.

அவள் மாட்டு டாக்டர். நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருக்கிற பண்ணைகள் எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் எங்களிடம் இருந்த இரண்டு வண்டிகளில் ஜீப் அவளிடமும், சின்ன வெள்ளைக் கார் என்னிடமும் இருந்தன. ஜீப் பழையதுதான். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று வாங்கும்போதே பேசி வைத்திருந்தோம். இந்தப் பேச்சு மாடுகளுக்குத் தெரியாது. அவை ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் கன்று போடும்.

எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார், இன்னொருவர் மருந்துக்கடை. ஞாயிறு காலையில் இருவரும் தங்கள் ஜீப்புகளை ஆற்றங்கரைச் சேற்றில் இறக்கி ஏற்றி விளையாடுவார்கள். நான் வெள்ளைக் காரில் போய்க் கரையில் நின்று கை தட்டுவேன். ஒருநாள் மருந்துக்கடைக்காரர் தன் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நனைஞ்சிடும், கொஞ்சம் பிடிங்க" என்றார். இரும்புக்கடைக்காரரும் கொடுத்தார். இரண்டு ஜோடிச் செருப்போடு ஒரு மணி நேரம் நின்றேன். முதல் தேதி முடிவு அங்கே பிறந்ததுதான்.

ஜீப்பைக் கேட்டால் தர மாட்டாள். பிடுங்கினால் விட மாட்டாள். அவளாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல வைப்பது?

வழி பட்டறையில் கிடைத்தது. எண்ணெய் மாற்ற ஜீப்பைக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் மெக்கானிக்கை ஊரே கிரீஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடும். அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"ஜீப்பை நீங்க ஓட்டறதே இல்லையா சார்?"

"அவ விட்டால்தானே?"

"விட வைக்கலாம்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வண்டி திரும்பறப்ப வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மி தூரம் ஓடணும். அதுக்காக அச்சு நடுவுல டிஃபரன்ஷியல்னு ஒரு பல்பெட்டி இருக்கு. ரெண்டு சக்கரத்தையும் அதது வேகத்துல ஓட விடும்" என்றார்.

"சரி."

"அதுக்குள்ள ஆட்டோமேடிக் லாக்கர்னு ஒண்ணு போடலாம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிடும். வளைவுல காலை எடுத்தா திறந்துவிடும். சுவிட்ச் கிடையாது. அதுவே பூட்டும், அதுவே திறக்கும்."

"நல்லதுதானே?"

"பழக்கம் இருந்தா நல்லது. பழக்கம் இல்லாதவங்க வளைவுல மிதிச்சிடுவாங்க. பின்சக்கரம் ரெண்டும் ஒண்ணா சேர்ந்து வண்டியை நேராத் தள்ளும். திரும்பாது. அப்பப்ப டக் டக்னு சத்தம் வேற. அம்மாவுக்கு நாலு நாள்ல வெறுத்துடும். வண்டியை உங்க தலையில கட்டிடுவாங்க. அப்புறம் கழட்டிப் போட்டுட்டு நீங்க ஓட்டுங்க."

நான் அச்சகத்து ஆள். அச்சு என்றால் எனக்கு எழுத்துதான் ஞாபகம் வரும். வண்டிக்கும் அச்சு உண்டு, அதிலும் பிழை ஏற்றலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கப் பிழையை நீக்கிய கை, முதல் தடவையாக ஒரு பிழையைச் சேர்க்கத் துடித்தது.

"வண்டிக்கு முன்னாடியும் ஒரு அச்சு இருக்கே. அதுலயும் போட்டா?"

கிரீஸ் அண்ணன் துணியில் கை துடைப்பதை நிறுத்தினார்.

"பின்னாடி போட்டாலே போதும் சார்."

"போட்டா என்ன ஆகும், அதைச் சொல்லுங்க."

"நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி கியர் போட்டு ஓட்டறப்ப ஸ்டீயரிங் இறுகிடும். மிதிச்சா நேராப் போகணும்னு கையை இழுக்கும். ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருப்பணும்."

"அப்ப முன்னாடியும் போடுங்க. மனுஷன் முன்னுக்கு வரணும்னா முன்னச்சை விடக் கூடாது."

அவர் சிரிக்கவில்லை. பட்டறையில் சிலேடைக்கு மதிப்பில்லை. "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

என் சேமிப்பு கரைந்தது. கவலைப்படவில்லை. செருப்பை நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் ஜீப் திரும்பி வந்தது. அன்று மாலை என் சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தாள். 

"ஏங்க, லாக்கர் ரெண்டுன்னு எழுதியிருக்கே. என்ன லாக்கர்?"

"பேங்க் லாக்கர்."

"நம்ம வீட்டுல லாக்கர்ல வைக்கற மாதிரி என்ன இருக்கு?"

"இனிமேதான் வாங்கணும்."

"அதுக்குள்ள ரெண்டு லாக்கரா?"

"ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

அவள் சீட்டை மடித்து என்னிடமே கொடுத்தாள். "பத்திரமா வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையை வாளியில் போட்டாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

திங்கட்கிழமை அவள் ஜீப்பில் போனாள். நான் அச்சகத்தில் ஒரு பக்கம்கூட உருப்படியாகத் திருத்தவில்லை. மாலை ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்து வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். ஆறு மணிக்கு அவள் வந்தாள். கை கழுவினாள். காபி குடித்தாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வண்டி எப்படிப் போகுது?" என்று நானே கேட்டேன்.

"நல்லாப் போகுது."

"ஸ்டீயரிங் கனமா இல்ல?"

"மண் பாதையில கொஞ்சம் கனம். கைக்கு நல்ல வேலை."

"டக் டக்னு சத்தம் வருதாமே?"

"யாரு சொன்னா?"

"பொதுவா. பழைய ஜீப்புன்னா அப்படி வரும்னு கேள்விப்பட்டேன்."

"வருது. மாடு அசை போடற மாதிரி இருக்கு. எனக்குப் பழகின சத்தம்தான்."

செவ்வாயும் அதே பதில். புதன், வியாழன், வெள்ளி. கை வலிக்கிறதா என்று கேட்டேன், தைலம் தேய்த்து விடட்டுமா என்றுகூடக் கேட்டேன். "உங்களுக்கு என்னங்க ஆச்சு, இவ்வளவு அக்கறை?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிரீஸ் அண்ணன் ஒன்றுமே மாட்டவில்லை. சும்மா பெட்டியைத் திறந்து மூடியிருக்கிறார். இதை நேரில் சோதித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்தேன். முன்னச்சையும் சோதிக்க வேண்டுமே என்று நாலு சக்கர கியரையும் போட்டேன். எங்கள் தெரு முப்பதடி நேராகப் போய் இடது பக்கம் திரும்பும். திருப்பத்தின் உள்மூலையில் பல் டாக்டர் வீடு. எதிர்ப்பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம்.

திருப்பம் வந்தது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்துக்கொண்டே, என் வழக்கப்படி மிதித்தேன். ஜீப் திரும்பவில்லை. பின்சக்கரம் இரண்டும் கூட்டுச் சேர்ந்து நேராகத் தள்ளின. முன்சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கின. ஸ்டீயரிங் என் கையை நேராக இழுத்தது. விளக்குக் கம்பம் என்னைப் பார்த்து வந்தது. இன்னும் ஒடித்தேன். இன்னும் மிதித்தேன். கம்பம் இன்னும் பெரிதானது. பயந்து போய்க் காலை மொத்தமாக எடுத்தேன்.

கீழே டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அதுவரை நான் கேட்ட திருப்பத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்து ஒரே தவணையில் கொடுத்தது அந்த ஜீப். இடது பக்கம் பாய்ந்து, பல் டாக்டர் வீட்டு வேலிச்செடிக்குள் புகுந்து, அவருடைய வராந்தாவுக்கு முன்னால் நின்றது.

பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். வேலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரஷ்ஷை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"சார், எங்க வீட்டுக்கு வாசல்னு ஒண்ணு இருக்கு."

"தெரியும் டாக்டர்."

"இன்னிக்கு லீவு. பல் வலின்னா நாளைக்கு வாங்க."

"பல்லு நல்லா இருக்கு டாக்டர். பல்பெட்டிதான் கோளாறு."

அதற்குள் மனைவி ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள், புதுச்செடி வைத்துத் தருவதாகச் சொன்னாள். என்னைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொன்னாள். நாலு சக்கர கியரை எடுத்தாள். ஜீப்பைப் பின்னால் எடுத்து, தெரு முனைக்குப் போய்த் திரும்பி வந்து, அதே வளைவில் அதே மழையில் அழகாகத் திருப்பினாள். மெதுவாக ஒரு டக், அவ்வளவுதான்.

"எப்படி?" என்றேன்.

"வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். வளையறப்ப காலை மெதுவா எடுத்துடணும், வெடுக்குன்னு இல்ல. நேரா ஆனப்புறம் மிதிக்கணும். தார் ரோட்டுல நாலு சக்கரமும் போடக் கூடாது."

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"ஓட்ட ஓட்ட வர்றதுதான்" என்றாள். பிறகு அமைதியாக, "இனிமே ஞாயித்துக்கிழமையும் நீங்க காரையே எடுத்துக்கங்க" என்றாள்.

ஆறு நாளைப் பிடிக்கப் போனவன் ஏழாவது நாளையும் விட்டேன்.

அந்த வாரம் முழுக்க மழை. புதன்கிழமை பகல் அச்சகத்தில் இருந்தேன். மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் லீவு போட முடியுமா? மலைப் பண்ணையில ஒரு பசு காலையிலிருந்து கஷ்டப்படுது. என் உதவியாளர் காய்ச்சல்ல படுத்திருக்கார். கயிறு பிடிக்க ஆள் வேணும்."

அவள் குரலில் அவசரம் இல்லை. அவளுக்கு அவசரம் இருந்தால்தான் குரல் அப்படி இருக்கும். லீவு சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன், அவள் ஜீப்பில் வந்து ஏற்றிக்கொண்டாள்.

தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கியதும் நிறுத்தி, நாலு சக்கர கியரைப் போட்டாள். பாதை முழுக்கச் சேறு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சரிவு. பாதையே சரிவுப் பக்கம் சாய்ந்து கிடந்த ஓரிடத்தில் ஜீப் நத்தையாக ஊர்ந்தது.

"கொஞ்சம் வேகமாப் போனா சீக்கிரம் தாண்டிடலாமே" என்றேன். பயத்தில் சொன்னது.

"இங்க மிதிச்சா ரெண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்து சுத்தும். சேர்ந்து வழுக்கும். வண்டி முன்னாடி போகாது, உங்க பக்கம் போகும்."

என் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். கீழே ஓடை தெரிந்தது. பிறகு பார்க்கவில்லை.

வளைவுகளில் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இழுத்துத் திருப்பினாள். காலை எடுப்பாள், டக் என்னும், வண்டி வளையும். நேரானதும் மிதிப்பாள். அவள் முன்கை நரம்புகள் புடைத்துக்கொண்டு நின்றன. அந்தக் கனத்தை ஏற்றிவிட்ட நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றம் வந்தது. மழைத்தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்திருந்தது. ஏறும்போது என் பக்கத்து முன்சக்கரமும் அவள் பக்கத்துப் பின்சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. எனக்குத் தெரிந்த ஜீப்பாக இருந்தால் தொங்குகிற சக்கரங்கள் சும்மா சுற்றும், வண்டி அங்கேயே நிற்கும். அவள் ஒரே சீராக மிதித்தாள். தரையில் பட்டிருந்த இரண்டு சக்கரங்களும் மண்ணைப் பிடித்தன. ஜீப் முனகிக்கொண்டே மேலே ஏறியது.

ஏறியதும் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் இதே இடத்துல மாட்டிக்கிட்டேன். ஒரு சக்கரம் சுத்திக்கிட்டே இருந்தது, வண்டி அசையல. பையைத் தூக்கிக்கிட்டு மழையில ஒரு மணி நேரம் நடந்தேன். போய்ச் சேர்றதுக்குள்ள கன்னு போயிடுச்சு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன். அன்னிக்கு நீங்க ஏதோ திருத்திக்கிட்டு இருந்தீங்க. 'ம்'னு சொன்னீங்க."

அன்றைக்கு என்ன திருத்திக்கொண்டிருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

தொழுவத்தில் பண்ணைக்காரரும் அவர் மனைவியும் பசுவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். என் மனைவி தோள் வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பார்த்தாள்.

"ஒரு முன்னங்கால் மடங்கியிருக்கு. நேராக்கிட்டா வந்துடும்" என்றாள். என்னிடம் கயிற்றைக் கொடுத்தாள். "இழுங்கன்னா இழுக்கணும். விடுங்கன்னா உடனே விடணும். நீங்களா எதுவும் செய்யக் கூடாது."

பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலைதான். பிழையில்லாமல் செய்தேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. பழுப்பு நிறத்தில் ஒரு கிடாரிக் கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. மூச்சு இல்லை. மனைவி அதன் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோல் துரும்பை நாசியில் விட்டாள். கன்று தும்மியது. பண்ணைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவர் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

"இன்னும் அரை மணி கழிச்சு வந்திருந்தா ரெண்டுமே இல்லைம்மா" என்றார் பண்ணைக்காரர்.

வெளியே குழாயடியில் அவள் கை கழுவினாள். நான் சோப்பை நீட்டிக்கொண்டு நின்றேன். மழை விட்டிருந்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்க."

"அது பேங்க் லாக்கர் இல்ல. ஜீப்புக்குப் போட்டது. நீ ஓட்ட முடியாம ஜீப்பை என்கிட்டயே கொடுத்துடணும்னு போட்டேன். கிரீஸ் அண்ணன்தான் யோசனை சொன்னார். ஆனா தப்பு என் மேலதான்."

அவள் சோப்பை வாங்கி நிதானமாக முழங்கை வரை தேய்த்தாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அந்த யோசனையை உங்ககிட்ட சொல்லச் சொன்னதே நான்தான். கிரீஸ் அண்ணன் மாட்டுக்கு யாரு வைத்தியம் பார்க்கறாங்கன்னு நினைச்சீங்க? ஜீப்புக்கு லாக்கர் போடணும்னு ரெண்டு வருஷமா கேட்டேன், உங்க காதுல விழல. அதைப் போட்டா என்னால ஓட்ட முடியாதுன்னு அவர் சொன்னா உடனே போடுவீங்கன்னு தோணிச்சு. மாட்டினதும், வண்டி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பட்டறை மைதானத்துல ஓட்டியும் பழகிட்டேன்."

நான் குழாயைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப இது எல்லாமே உன் ஏற்பாடா?"

அவள் குழாயை மூடினாள். கையை உதறிக்கொண்டே ஜீப்பின் பக்கம் நடந்தாள். பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்தவள்போல் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாமே இல்லைங்க. பின்னச்சுக்கு மட்டும்தான் சொல்லச் சொன்னேன். முன்னச்சு நீங்களா ஆசைப்பட்டு எனக்குப் போட்டுக் கொடுத்தது."